ஒற்றை பிளக் பாயிண்டின் வாசகர்கள்

"நூலகக் கட்டடத்தின் மின் இணைப்பில் வாசகர் எவரும் வானொலிப் பெட்டி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி போன்ற தம் சொந்தக் கருவிகளைப் பொருத்தலாகாது, பணியாளர் அதற்கு இடங்கொடுக்கலாகாது." எங்கள் மாவட்ட நூலக அலுவலகத்தின் நிலையான அறிவுரைத் தொகுப்பில் இப்படி ஒரு விதி உண்டு. எழுதியவர் எந்தக் காலத்தில், எந்த வாசகர் சட்டை தேய்ப்பதைப் பார்த்து மிரண்டாரோ தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தத் தாள் பழுப்பேறியிருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரே ஒருவரைத் தவிர யார்மீதும் அதைப் பாய்ச்ச நேரவில்லை. கருவியோடு வந்து உட்காரும் அளவுக்கு எங்கள் நூலகங்களுக்கு ஆள் வந்ததில்லை.

அந்த விதிக்கு வேலை கொடுத்தவர் ஒரு பெண்மணி. கம்பத்திலிருந்து கூடலூர் போகும் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் நூலகராக இருந்தார். ஊர்ப் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். இரண்டும் கோப்பில் போதுமான அளவுக்கு அடிபட்டுவிட்டன. ஊரார் அவரை லைப்ரரியம்மா என்றார்கள். தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர். தொகுப்பூதியம் என்றால், நிரந்தர ஊழியர் செய்யும் எல்லா வேலையையும் செய்யலாம், நிரந்தர ஊழியருக்கு உரிய எதையும் கேட்கக் கூடாது என்று பொருள். அப்படி ஒன்பது ஆண்டுகள் எதையும் கேட்காமல் இருந்தார்.

ஒரு பொருளை ஒரே ஆள் வைத்திருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே இந்த ஒரு குணத்தின் கிளைகள்தான்.

முதன்முதலில் நான் அங்கே போனது ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்காக. நான் மாவட்ட அலுவலகத்தின் கண்காணிப்பாளர் என்பதால் எனக்கென்று எதிர்க்கடையிலிருந்து ஒரு டீ வரவழைத்தார். வந்த டீயை என் கண்ணெதிரே இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றதை, பக்கத்துக் கட்டடத்தில் குடிநீர் மோட்டார் போடுகிறவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். நான் டம்ளரையே பார்த்தேன்போலும்.

"சார் ஒருத்தரா இம்புட்டு டீயும் குடிப்பீக?" என்றார். கேலி இல்லை. உண்மையான சந்தேகம்.

நாளிதழ் அவரிடம் வந்ததும் தாள் தாளாகப் பிரிந்துவிடும். விளையாட்டுப் பக்கம் வாசல்படிக்கு, அரசியல் மேசைக்கு, ராசிபலன் ஜன்னலோரத்துக்கு என்று போய், மாலையில் மறுபடி ஒரு நாளிதழாகச் சேரும். வார இதழ்களின் பின்னைக் கழற்றி, தொடர்கதையைத் தனியே தைத்துவிடுவார். ஒரு தடித்த சரித்திர நாவலின் முதுகு விட்டுப்போயிருந்தது. விதிப்படி அதைக் கழிவுப் பட்டியலில் சேர்த்து ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். அவர் அதை மூன்றாகப் பிரித்து, அட்டை போட்டு, ஒரே சமயத்தில் மூன்று பேருக்கு இரவல் கொடுத்திருந்தார். கடைசிப் பகுதி ஒரு ஜீப் டிரைவரிடம் இருந்தது. முதல் பகுதி முடிக்காதவர்களிடம் யார் சாகிறார்கள் என்று சொல்லக் கூடாதென்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

எனக்கு அதில் வேறு சிக்கல். இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம். அலமாரிக் கணக்கில் மூன்று. இருப்புக் குறைந்தால் யாரிடம் பிடித்தம் செய்வது என்று விதி இருக்கிறது. இருப்பு கூடினால் என்ன செய்வதென்று இல்லை. நான் அந்த நாவலைப் பார்க்கவில்லை என்று தீர்மானித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அது என் முதல் தவறு.

பிறகு செல்போன் வந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் செல்போன் முதலில் வியாபாரிகளின் சட்டைப் பைக்கும், அடுத்து ஜீப் டிரைவர்களின் டேஷ்போர்டுக்கும் வந்து, கடைசியாக மலைக்கு வேலைக்குப் போகும் பெண்களின் சுருக்குப் பைக்கு வந்து சேர்ந்தது. இவர்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், மாலை நாலரை மணிக்குத் திரும்புவார்கள். அடுத்த நாள் எந்தத் தோட்டம், எந்த ஜீப் என்பதை ஆள் சேர்க்கிற கங்காணி மாலை ஆறு, ஏழு மணிக்குள் போனில் கூப்பிட்டுச் சொல்வார். போன் அணைந்திருந்தால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவ்வளவுதான். மறுநாள் வேலை இல்லை.

மின்வெட்டு மும்முரமான ஆண்டுகள் அவை. ஊருக்கு மாலையில்தான் முறை. நாலு மணிக்குப் போனால் எட்டுக்கு வரும். ஊரில் மின்சாரம் இருந்த ஒரே இடம் குடிநீர் மோட்டார் அறை. நூலகம் அதே லைனில் இருந்தது. எந்தப் பொறியாளரின் மறதியால் அப்படி அமைந்ததோ, அவர் நன்றாக இருக்கட்டும். நூலகத்தில் டியூப்லைட் ஒன்று, மின்விசிறி ஒன்று, சுவரில் பிளக் பாயிண்ட் ஒன்று.

ஒரு நாள் ஒரு பெண் வந்து, கால்மணி நேரம் போட்டுக்கிறட்டுமா என்று கேட்டிருக்கிறார். போட்டுக்கொண்டார். மறுநாள் அவர் தங்கையோடு வந்தார். அங்கேதான் நம் அம்மையாரின் குணம் கண் விழித்தது. ஒரு துளையில் ஒரு போன் என்பது அவருக்கு ஒரே ஆள் ஒரு முழு டீயைக் குடிப்பது போல. கம்பம் பஸ் ஸ்டாண்டுத் தள்ளுவண்டியில் அப்போது ஒரு வயர் விற்றார்கள். ஒரு முனை சார்ஜரில் போகும். மறு முனை பத்தாகப் பிரிந்து பத்துத் தலையோடு தொங்கும். ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு கம்பெனிக்கு. ஊரில் அவற்றுக்கு ஊசிமூக்கு, தடிமூக்கு, பட்டைமூக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதில் இரண்டும், இரண்டையும் ஒரே துளையில் மாட்ட ஒரு கூட்டுப் பிளக்கும் வாங்கி வந்தார். பாதிக்கு மேல் ஊசிமூக்குக்காரர்கள் என்பதால், வேண்டாத தலைகளை வெட்டிவிட்டு ஊசிமூக்காக மாற்றிக் கொடுக்கும்படி மோட்டார்க்காரரிடம் சொன்னார். அரை டீக்கு அவர் அதைச் செய்தார்.

பத்துத் தலையிலும் ஒரே சமயத்தில் சார்ஜ் ஏறும், ஆனால் எறும்பு ஊர்கிற மாதிரி ஏறும். ஒற்றைப் போன் அரைமணியில் நிறையுமானால் பத்துப் போன் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். யாருக்கும் எங்கும் போக முடியாது. உட்கார்ந்திருப்பார்கள். நூலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் நடைமுறையில் ஒரு பெயர் இருக்கிறது: வாசகர். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எல்லாரையும் போட வைத்தார். விதியை மீறுகிறபோதும் பதிவேட்டை மீறாதவர்.

அடுத்த சிக்கல், எல்லாப் போனும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. ஒரு சாயந்தரம் ஒரு பெண் இன்னொருத்தி போனை எடுத்துப் போய்விட்டார். அதில் வந்த அழைப்பை நம்பி மறுநாள் வேறு கங்காணியின் ஜீப்பில் ஏறி, ஏலக்காய் பறிக்க வேண்டியவர் மிளகுத் தோட்டத்தில் போய் நின்றார். இவருக்குரிய ஜீப்பில் அந்தப் பெண் போனார். இருவருக்கும் வேலை தெரியவில்லை என்று இரண்டு கங்காணிகளும் ஏசினார்கள். அதன்பின் லைப்ரரியம்மா ஒரு நடைமுறை கொண்டுவந்தார். மேசையில் வரிசையாகப் புத்தகங்கள்; ஒரு புத்தகத்தின் மேல் ஒரு போன். பதிவேட்டில் 'படித்த நூல்' என்ற கட்டத்தில் அந்தப் புத்தகத்தின் பெயரும் எண்ணும். திரும்ப எடுக்கும்போது எண்ணைச் சொல்ல வேண்டும். மூளையுள்ள ஏற்பாடு. இதற்கு, வேறு யாரும் இரவல் கேட்காத புத்தகங்கள்தான் தோது. வேளாண் வெளியீடுகளை எடுத்துப் போட்டார். மண்புழு உரம், காளான், தேனீ. மேசையின் நடுவில் வயர் எட்டும் இடத்தில் இருந்தது மண்புழு உரம். அதன் மேல் ஒரு மாலையில் மூன்று போன்கள் மாறி மாறி இருந்தன.

மாதாந்திர அறிக்கை என் மேசைக்குத்தான் வரும். அதுவரை நாளொன்றுக்கு ஆறு வாசகர் என்று வந்துகொண்டிருந்த நூலகம், எழுபது என்று அனுப்பியது. ஆறு பேர் வந்தபோது ஏன் ஆறு என்று எவரும் கேட்டதில்லை. எழுபது என்றதும் ஏன் எழுபது என்று விளக்கம் கேட்டோம். "வாசகர்கள் ஆர்வமுடன் வந்து நெடுநேரம் அமர்கிறார்கள்" என்று பதில் எழுதியிருந்தார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் அதிகாரி மகிழ்ந்துபோனார். ஆய்வுக் கூட்டத்தில், மலையடிவார உழைக்கும் பெண்களிடையே இயற்கை உரம் குறித்த பெரும் தாகம் எழுந்துள்ளது என்று பேசினார். அந்தத் தாகத்தைத் தணிக்க மண்புழு உரம் நாற்பது பிரதி அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். "நாற்பது பிரதிகளும் வந்த அன்றே பயன்பாட்டுக்கு வந்துவிட்டன" என்று நன்றிக் கடிதம் வந்தது. அதிலும் பொய் இல்லை.

சிலர் உண்மையிலேயே படித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஒருவர் எவ்வளவுதான் மோட்டுவளையைப் பார்ப்பார்? ஊரில் நடந்த விவசாயக் கண்காட்சிக்கு வந்த வேளாண் அலுவலர் ஒருவரிடம், அவர் சொல்லும் சாண அளவு தப்பு என்று ஒரு பெண் பக்க எண்ணோடு சொன்னாராம். அலுவலர் அதற்குப் பிறகு அந்த ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

பிறகு மொட்டைக் கடிதம் வந்தது. அரசு மின்சாரம் கொள்ளை போகிறது, நூலகம் சந்தைக்கடை ஆகிவிட்டது, இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள். பொதுமக்கள் அதை ஒரு செல்போன் கடையின் ரசீதுத் தாளின் பின்புறத்தில் எழுதியிருந்தார்கள். ஜெனரேட்டர் வைத்துக் காசுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த கடை அது. மனு யாருடையது என்பது முக்கியமில்லை. மனு என்றால் விசாரணை. நான் போனேன்.

மாலை ஐந்து மணி. வாசலில் இருபது ஜோடிச் செருப்பு. உள்ளே ஏலக்காய் வாசனை. வாசிப்பு மேசையின் இரு பக்கமும் பெண்கள். நடுவில் புத்தகங்களின் மேல் போன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர். அவர் சுவரோரம் நின்று பிளக் பாயிண்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுட்டுச்சுன்னா ரெண்டு பேரக் கழட்டச் சொல்லிருவேன் சார்" என்றார். "யாருக்கு நெறஞ்சிருக்கோ அவுக எந்திரிச்சுருவாக. இங்கன சண்டையே கெடையாது."

விதி தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். நான் போன வருடம் அனுப்பிய சுற்றறிக்கையிலிருந்து மனப்பாடமாகச் சொன்னார். பிறகு, "செல்போனுன்னு அதுல இல்லையே சார். இஸ்திரிப் பெட்டி மாதிரியா இருக்கு இது?" என்று ஒரு போனை எடுத்துக் காட்டினார்.

மேசையிலிருந்த ஒரு பெண் எழுந்தார். "சார், அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீக. ஏழு மணிக்குள்ள கங்காணி போனை எடுக்கலைன்னா ஜீப்புல எங்க எடத்துல வேற ஆளு உக்காந்துரும். வீட்டுல கரண்டு வாரது எட்டு மணிக்கு. அப்ப வந்து நான் விளக்கப் பாத்துக்கிட்டா இருக்க?"

"ஏத்தா, நீ உக்காரு. சார் எழுதட்டும்" என்று அடக்கினார் அம்மையார். நான் எழுத ஆரம்பித்தேன். முக்கால்மணி நேரம் எழுதியிருப்பேன். நிமிர்ந்தபோது மேசையில் வைத்த என் போனைக் காணவில்லை. அது மண்புழு உரத்தின் இருபத்தெட்டாவது பிரதியின் மேல், ஊசிமூக்கு பொருத்தப்பட்டுப் படுத்திருந்தது.

"செத்துக் கெடந்துச்சு சார். அதான்."

பதிவேட்டில் என் பெயர் இருபத்து மூன்றாவது வாசகராக ஏறியிருந்தது. படித்த நூல்: மண்புழு உரம். விசாரணை அறிக்கையோடு பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைக்க வேண்டும் என்பது நடைமுறை. இணைத்தேன். அதிகாரி அந்த வரியை வெகுநேரம் பார்த்தார்.

அவர் கெட்டவர் இல்லை, ஆனால் மொட்டைக் கடிதத்தின் நகல் மேலே போயிருந்தது. அம்மையாருக்குக் குற்றக் குறிப்பாணை கொடுத்துவிடுங்கள் என்றார். கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தொகுப்பூதியக்காரர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த மார்ச்சுக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் கையெழுத்து. இவர் பெயர் ஏழாவது. நடவடிக்கை நிலுவையில் உள்ளவர் பெயர் தானாக விழுந்துவிடும். அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டால் அரசாங்கமே சிரிக்கும். அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

என் பணிக்காலம் முழுதும் நான் கற்ற வித்தையை அன்றுதான் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினேன். செல்போன் இந்த விதியில் அடங்குமா என்று மேலிடத்தில் தெளிவுரை கேட்டு அம்மையாரையே எழுத வைப்பது. தெளிவுரை வரும்வரை குறிப்பாணை கொடுக்க முடியாது. தெளிவுரை வராது. சென்னையில் அதற்கென்று இருக்கும் பிரிவிலிருந்து பதில் வந்ததை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒன்று, கேட்டவர் இறந்த பிறகு. மற்றது வேறு யாருக்கோ வந்தது. அப்படிப்பட்ட பிரிவுக்கு எழுதிய கடிதத்தைக் கிணற்றில் போட்ட கல் என்று நிம்மதியாக நம்பலாம். அதிகாரியும் புரிந்துகொண்டு தலையசைத்தார்.

கடிதத்தை நானே வரைந்து கொடுத்தேன். ஐந்து பத்தி. யாரும் முழுதாகப் படிக்க முடியாத நடை. கையெழுத்துப் போட்டு, இந்த ஒரே முகவரிக்கு, சாதாரணத் தபாலில் போடுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். சரி சார் என்றார்.

பத்து நாள் கழித்து வேறு வேலையாகக் கம்பம் போனபோது, போட்டுவிட்டீர்களா என்று கேட்க நூலகத்தில் இறங்கினேன்.

"போட்டேன் சார். அஞ்சு எடத்துக்கும் போட்டேன்."

எந்த ஐந்து இடம் என்று கேட்டேன். சென்னைப் பிரிவு, இயக்குநர், மின்சார அலுவலகம், கலெக்டர் மனுநாள், முதல்வரின் குறைதீர்ப்புப் பிரிவு. ஒரே கடிதம், ஐந்து நகல். பதிவுத் தபாலில்.

"ஒரு எடத்துக்கு மட்டும் போட்டா அது அவுக ஒருத்தருக்கு மட்டுந்தான சார் தெரியும்? அஞ்சு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் யோசிப்பாகல்ல."

எனக்குக் கோபம் வந்தது. பதில் வரக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினோம் என்று வெளிப்படையாகவே சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் புரிந்த மாதிரி தெரியவில்லை. "பதில் வராத எடத்துக்கு எதுக்கு சார் எழுதுவாக?" என்றார். கடிதத்தின் அடியில் தன் கையால் ஒரு வரியும் சேர்த்திருந்தார். கார்பன் பிரதியைக் காட்டினார். 'மேலும் இந்நூலகத்துக்கு இன்னொரு பிளக் பாயிண்ட் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

நான்கு இடங்கள் என் நம்பிக்கையைக் காப்பாற்றின. ஐந்தாவதான குறைதீர்ப்புப் பிரிவில், வந்த மனுவைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் தீர்த்தாக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. எனக்குத் தெரியாத விதி இல்லை. அதை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். யாரோ ஓர் இளம் அலுவலர் மதித்துவிட்டார். மனுவுக்கு 'உடனடி' என்ற சிவப்புச் சீட்டு ஒட்டி எங்கள் தலைமையகத்துக்கு அனுப்ப, சிவப்புச் சீட்டைக் கண்டு பயந்து அவர்கள் அன்றே ஆணை போட்டார்கள்.

ஆணையில் இரண்டு பத்தி. முதல் பத்தி: செல்போன் மேற்படி விதியில் அடங்கும், இடங்கொடுத்த பணியாளர் மீது நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்புக. இரண்டாவது பத்தி: வாசகர் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்திருப்பதைக் கருதி மேற்படி நூலகத்துக்குக் கூடுதல் பிளக் பாயிண்ட் ஒன்று அமைக்க அனுமதி அளிக்கப்படுகிறது.

கடிதமாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. போன் செய்தேன். பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. முதல் பத்தியை வாசித்தேன். பட்டியலில் பெயர் இருக்காது என்பதையும் சொன்னேன். பிறகு இரண்டாவது பத்தியை வாசித்தேன்.

"அத இன்னொரு வாட்டி வாசிங்க சார்."

வாசித்தேன். அவர் போனைக் காதிலிருந்து எடுத்து அங்கே இருந்தவர்களிடம் சொல்வது கேட்டது. "ஏத்தா, ரெண்டாவது ஒண்ணு தாராகளாம்." அவர்கள் ஏதோ கேட்டார்கள். "எனக்கில்ல. நம்ம லைப்ரரிக்கு" என்றார். அதன்பிறகு வந்த ஆரவாரத்தில் அவர் என்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இப்போதும் அது என்னவாக இருக்கும் என்று யோசிக்கிறேன்.

பட்டியல் வெள்ளிக்கிழமை காலை கையெழுத்தானது. ஏழாவது இடத்தில் வேறொருவர் பெயரை நான்தான் தட்டச்சுக்குக் கொடுத்தேன். பதில் வந்தது அதற்கு முந்தின நாள், 2010 மார்ச் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை, பகல் தபாலில்.